ஓட்டமா, எடையா: தொப்பை குறையணும், தோள் மெலியக் கூடாது

காரைக்குடியில் இருந்து கேள்வி: தினமும் ஒரு மணி நேரம் ஓடியும் தொப்பை அப்படியே இருக்கிறது, தோள்தான் மெலிகிறது, ஜிம்முக்கும் போகணுமா?

போகணும். அரைச் சாப்பாட்டோடு ஓட்டம் மட்டும் என்றால் கொழுப்போடு தசையும் கரையும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான கார்டியோ (ஓட்டம், வேகநடை மாதிரி மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி), குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி.

திங்கள், வியாழன், சனி எடைப் பயிற்சி. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு 50 நிமிட வேகநடை, வெயில் ஏறும் முன். எடை நாளில் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது), ரோயிங் (எடையை வயிற்றை நோக்கி இழுப்பது), புஷ்-அப். தலா 3 செட் (சுற்று), ஒரு செட்டுக்கு 8 முதல் 12 தடவை. கடைசி இரண்டு தடவை திணறணும். பன்னிரண்டும் சுலபமாக வந்தால் 2.5 கிலோ ஏற்றுங்கள்.

ஒரே நாளில் இரண்டும் என்றால் எடைதான் முதலில். ஓடிக் களைத்த காலோடு ஸ்குவாட் போட்டால் கீழ்முதுகு வளையும், பிடிப்பு அங்கேதான் விழும்.

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள், நடையைக் கூட்டும் வாரங்களில் கால் பயிற்சி செட்டைப் பாதியாக்கலாம். அடியோடு நிறுத்த வேண்டாம்.

பயிற்சி முடிந்ததும் வெள்ளைப் பணியாரம் நாலு வேண்டாமே, அது எண்ணெயில் பொரித்தது. 2 முட்டை போதும், சுமார் 12 கிராம் புரதம்.