பள்ளிக்காக வீடு மாற வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கடன் பாக்கி 180,000 வெள்ளி. இருவர் சம்பளமும் சேர்ந்து 8,200 வெள்ளி. மகள் இன்னும் இரண்டு ஆண்டில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போவாள். "அக்கம்பக்கத்துப் பள்ளியெல்லாம் வேண்டாம். பீஷானில் பெயர்பெற்ற பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு வாங்குங்கள், ரொக்கத்துக்கு நான் 40,000 கடனாகத் தருகிறேன்" என்கிறார் என் நாத்தனார். சமையலறைப் புதுப்பிப்புக்கு அவரிடம் வாங்கியதில் இன்னும் 12,000 நிற்கிறது. கல்விச் சேமிப்புக் காப்புறுதி எடுக்கச் சொல்லி ஒரு முகவரும் வருகிறார்.

பதில்: சகோதரி, அந்த 12,000 வெள்ளிதான் என்னை உறுத்துகிறது. கடன் கொடுத்தவரின் சொல்லைத் தட்ட முடியாமல் அடுத்த கடனுக்கும் தலையாட்டுகிறீர்கள். இதை இங்கேயே நிறுத்துங்கள்.

ஈசூன் வீடு 600,000க்குப் போகிறது, பீஷானில் 850,000க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முத்திரை வரி 20,100. வீட்டு முகவர்களுக்குச் சுமார் 20,000. புதுப்பிப்பு 40,000. குடிபுகும் முன்பே 80,000 கரைந்துவிடும். கூடுதலாக வாங்கும் 250,000 கடனுக்கு, 2.6 சதவீத வட்டியில் 25 ஆண்டு என்றால், மாதம் ஏறக்குறைய 1,130 வெள்ளி அதிகம். சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேம நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) போக உங்கள் கைக்கு வருவதே 6,500 சொச்சம். நாத்தனாருக்கான 52,000 தனி.

இவ்வளவு கொடுத்தும் இடம் உறுதியில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு; ஆனால் அவர்களே இடங்களைவிட அதிகமானால் குலுக்கல்தான். இடம் கிடைத்தாலும், காட்டிய முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருந்தாக வேண்டும்.

எதற்காக இந்த அவதி? குடிமக்களுக்கு ஈசூன் பள்ளியிலும் பீஷான் பள்ளியிலும் கல்விக் கட்டணம் கிடையாது; இதரக் கட்டணம் மாதம் 13 வெள்ளியைத் தாண்டாது. பாடத்திட்டமும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் ஒன்றே. 2021 முதல் அந்தத் தேர்வின் மொத்தப் புள்ளி, பிள்ளை தானே எடுத்த மதிப்பெண்ணை வைத்து, 4 முதல் 32 வரைதான்; குறைந்த புள்ளியே சிறந்தது. மற்றப் பிள்ளைகள் நன்றாக எழுதியதால் உங்கள் மகளின் புள்ளி மோசமாகாது. ஒப்பிடுவதானால் வேறு விஷயங்களை ஒப்பிடுங்கள். பள்ளியிலேயே தமிழ் கற்பிக்கிறார்களா? சீன மொழிக்கு முக்கியத்துவம் தரும் சிறப்பு உதவித் திட்டப் (SAP) பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகச் சீனம் மட்டுமே உண்டு. பெயரைப் பார்த்து ஓடும் நம் பெற்றோர் பலர் இதைக் கேட்பதே இல்லை. நீங்கள் வேலை முடிந்து வரும்வரை மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்குமா? மகள் நடந்தே போய்வர முடியுமா? ஈசூனில் இரண்டு மூன்று பள்ளிகளை நேரில் போய்ப் பாருங்கள்.

காப்புறுதித் திட்டம் இப்போது வேண்டாம். முதல் சில ஆண்டுகளில் நிறுத்தினால் கட்டியதைவிடக் குறைவாகவே திரும்பும். கடன் நிற்கும் வீட்டில் அதற்கு என்ன அவசரம்?

நாத்தனாருக்கு இந்த மாதமே 500 வெள்ளி அனுப்புங்கள். மாதந்தோறும் தவறாமல் கொடுத்தால், மகள் சீருடை போடும் நேரத்தில் 12,000மும் தீர்ந்திருக்கும். 40,000 வேண்டாம் என்பதை உங்கள் கணவரே தம் அக்காவிடம் சொல்லட்டும். அந்தப் பேச்சு உங்கள் தலையில் விழக்கூடாது.