பப்புவா நியூ கினிக்குக் குறைந்த செலவில் தனியாகப் போய்வர முடியுமா?

தனியாகப் போகலாம், குறைந்த செலவில் முடியாது. தாய்லாந்து, வியட்நாம் போய்வந்த கணக்கை வைத்துத் திட்டம் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

காசைக் கரைப்பது அங்குள்ள ஹோட்டல்கள் மட்டுமல்ல, சாலை இல்லாத குறையும்தான். தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து லே நகரத்துக்கோ மத்திய மலைநாட்டுக்கோ தரைவழி கிடையாது. குறுக்கே ஓவன் ஸ்டான்லி மலைத்தொடர் நிற்கிறது. தலைநகரிலிருந்து தொலைவாகப் போவதென்றால் பெரும்பாலும் உள்ளூர் விமானம்தான். மேகம் இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. ஒரு நாட்டுக்குள் 800க்கும் மேற்பட்ட மொழிகள் தாக்குப்பிடித்து நிற்பதற்கும் இந்த மலைகளுக்கும் சதுப்புகளுக்கும் பெரிய பங்கு உண்டு. நான் அங்கே போக ஆசைப்பட்டதே அதனால்தான் என்பதால், விமான டிக்கெட் விலையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பெரும்பாலானோர் செப்டம்பர் நடுவில் மலைநாட்டு நகரமான கோரோகாவில் நடக்கும் விழாவுக்குப் போகிறார்கள். 1957இல் ஆஸ்திரேலிய நிர்வாகக் காலத்தில் தொடங்கியது. பல குலங்கள் ஒரே மைதானத்தில் ஆடுகின்றன. நானாக இருந்தால் ஆட்டத்தை விட, காலையில் மைதானத்துக்கு வெளியே நடக்கும் ஒப்பனையைத்தான் பார்ப்பேன். ஒருவர் முகத்துக்கு இன்னொருவர் வண்ணம் பூசுவதும், சொர்க்கப் பறவையின் இறகைத் தலையில் செருகுவதும் மணிக்கணக்கில் நடக்கும். மலைநாட்டு ஹூலி இன ஆண்கள் அணியும் தொப்பி போன்ற மகுடம் மனிதத் தலைமுடியால் ஆனது. அதற்காகவே இளைஞர்கள் மாதக்கணக்கில் முடி வளர்க்கிறார்கள். இறகு விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். சட்டச் சிக்கல் வரும்.

வெற்றிலை போடும் வீட்டில் வளர்ந்தவர் என்றால் சந்தையில் உங்களுக்கு வேலை இருக்கிறது. பச்சைப் பாக்கை மட்டையோடு கடித்துப் பிளந்து மெல்வார்கள். பிறகு வெற்றிலைக் கொடியின் காய்க்கதிரைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிப்பார்கள். கொடி நம்முடையதேதான், இலையைத்தான் அவ்வளவாகச் சீந்துவதில்லை. சுண்ணாம்பு ஈறில் பட்டால் வெந்துவிடும், பார்த்துப் போடுங்கள். நான் துப்பத் தெரிந்தவன் என்பதற்காகவே அங்கே இரண்டு பாட்டிகள் என்னை உட்காரவைத்துப் பேசினார்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பீர்கள். மோர்ஸ்பியிலும் லேயிலும் வழிப்பறி உண்மை. இருட்டிய பிறகு நடக்கவே கூடாது. விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போக, தங்குமிடத்தில் முன்பே சொல்லி வையுங்கள். மலைநாட்டில் குலச் சண்டைகள் மூளும். எந்தப் பள்ளத்தாக்கில் பதற்றம் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். நிலத்தில் பெரும்பகுதி குலங்களுக்குச் சொந்தம். ஓர் அருவியைப் பார்க்கக்கூட ஊரின் சம்மதம் வேண்டும், பெரும்பாலும் கட்டணமும் உண்டு. ஆகவே வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட வந்தால் நீங்கள் அவருடைய விருந்தாளி. இல்லாவிட்டால் வேலி தாண்டி நுழைந்தவர்.

கோகோடா பாதை பற்றிச் சுருக்கமாக: 96 கிலோமீட்டர் சேறும் ஏற்றமும், 1942இல் ஜப்பானியரும் ஆஸ்திரேலியரும் மோதிய களம். முழங்கால் ஒத்துழைக்கும், போர் வரலாற்றில் ஆர்வமும் உண்டு என்றால் போங்கள்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் கையில் பணம் இருக்கிறதா? கோரோகாவை விட்டுவிட்டுச் செபிக் ஆற்றுக்குப் போங்கள். வீவாக் நகரத்தில் இறங்கி, லாரியில் ஆற்றங்கரை ஊரான பாக்வி வரை போய், அங்கிருந்து மோட்டார் பொருத்திய மரத்தோணி. முதலைத் தோல் போலத் தழும்பேற்றிய முதுகோடு ஆண்கள் சர்வசாதாரணமாக வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். தழும்பேற்றும் சடங்கு நடக்கிற ஆவி வீட்டுக்குள் சில ஊர்களில் பெண்களை விடமாட்டார்கள்; பெண் பயணிகள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தோணி வாடகையைப் பெட்ரோல் சேர்த்தா, சேர்க்காமலா என்று ஏறும் முன்பே பேசி முடியுங்கள். செலவில் பெரும்பங்கு பெட்ரோல்தான். மலேரியா மாத்திரையை மருத்துவரைக் கேட்டு ஊரிலேயே தொடங்கிவிடுங்கள். வீவாக்கை விட்டுக் கிளம்பும் முன் அந்த நாட்டுப் பணமான கினா நோட்டுகளைச் சில்லறையாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றங்கரையில் கார்டு செல்லாது.