முதலில் பெயர், பிறகுதான் பாஸ்போர்ட்

கேள்வி: டீச்சர், நான் பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இறுதி வருடம். வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. டவுனில் ஒரு ஏஜென்ட் ஐந்து இலட்சம் கேட்கிறார். வங்கிக் கணக்கில் பணம் இருப்பதாகவும் அவரே காட்டித் தருவாராம். அம்மாவுக்கு 51 வயது. தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு, அதாவது வேலையை விட்டு நின்று, ஊழியர் சேமலாப நிதியை எடுத்துத் தருகிறேன் என்கிறார். இன்னொரு சிக்கல்: பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் என் பெயர் ‘கலேவானி’. உயர்தரச் சான்றிதழில் கலைவாணி. எதிலிருந்து தொடங்குவது?
– கலைவாணி, பொகவந்தலாவை

பதில்: மகள் கலைவாணி, நீ கடைசியாகச் சொன்னதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பா வாயால் சொன்ன பெயரைப் பதிவாளர் தன் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதியிருப்பார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் அதைத் திருத்தித் தமிழில் எழுதிவிடுவார். இருபது வருடம் அது யாருக்கும் உறுத்தாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ இரண்டு பெயர் என்றால் இரண்டு ஆள். என்னிடம் படித்த ஒரு பையனுக்கு அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகுதான், அப்பா பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு மாதிரி இருப்பது தெரிந்தது. அதைச் சரிபண்ணி முடிப்பதற்குள் அந்த வருடம் போய்விட்டது.

அதனால் உன் பிறப்பைப் பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்துக்குப் போ. அங்கே மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பெயர்த் திருத்தத்துக்கு விண்ணப்பம் வாங்கு. பள்ளிக்கூடச் சேர்விடாப்புப் (உன்னைச் சேர்த்தபோது எழுதிய பதிவேடு) பிரதி, சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள், வீட்டில் இருந்தால் நீ குழந்தையாக இருந்தபோது ஊசி போட்ட அட்டை, எல்லாவற்றையும் கையோடு கொண்டு போ. அம்மா அப்பாவின் விவாகப் பதிவையும் பார்த்துக்கொள். கோயிலில் தாலி கட்டியதோடு பதியாமல் விட்டவர்கள் நம் பக்கத்தில் அதிகம். திருத்திய பிறப்புச் சான்றிதழ் வந்ததும் அடையாள அட்டை, அதற்குப் பிறகு கண்டி அலுவலகத்தில் பாஸ்போர்ட். இந்த வரிசையை மாற்றாதே. நடுவில் யாராவது கேட்டால், இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள். பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகப் போகிறது என்பதையும் பீட அலுவலகத்தில் இப்போதே கேள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் எடுக்க விடாதே. பேரை வெட்டினால் மாதச் சம்பளம் நின்றுவிடும். நீங்கள் குடியிருக்கும் லயக் காம்பராவும் தோட்டத்துப் பேரோடு சேர்ந்ததுதான், உனக்கே தெரியும். அம்மாவின் முதுகில் இத்தனை வருடம் கொழுந்துக் கூடை ஏறியதற்குச் சேர்ந்த பணம் அது. அதற்கு மேல் அம்மாவுக்கு வேறு எதுவும் இல்லை.

ஏஜென்டிடம் இனிப் போகாதே. இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டுவது மோசடி. பிரித்தானியா விசாவில் அது பிடிபட்டால் பத்து வருடத் தடை வரும். பெயர் கெடுவது உனக்கு, அவருக்கு இல்லை.

பணமில்லாமல் எப்படி? நல்ல பெறுபேறு இருந்தால் வழி இருக்கிறது. எராஸ்மஸ் முண்டஸ் என்று ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் கூட்டு முதுகலைத் திட்டங்கள் உண்டு. புலமைப்பரிசில் கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் தருவார்கள். இறுதி வருடத்தில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், வேலை அனுபவமும் பொதுவாகக் கேட்பதில்லை. பெரும்பாலான திட்டங்கள் ஒக்டோபர் அளவில் திறந்து ஜனவரியில் மூடும். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலும் நல்லதுதான், ஆனால் இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், பிறகு பார்க்கலாம். ஜெர்மனியில் அரசு பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் புலமைப்பரிசில் இல்லாமல் போகிறவர் விசாவுக்காக வருடத்துக்கு 11,904 யூரோவை ஒரு முடக்கிய கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அந்த வழி நம் வீடுகளுக்கு இல்லை மகள். புலமைப்பரிசிலோடு போ, இல்லாவிட்டால் ஒரு வருடம் வேலை செய்துகொண்டு மறுபடி விண்ணப்பி. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். விண்ணப்பம் திறப்பதற்குச் சில மாதம் முன்னால் எழுது. கண்டியிலேயே எழுதலாம். ஆனால் அதற்கு அடையாளமாகப் பாஸ்போர்ட் கேட்பார்கள். பெயரை முதலில் சரிபண்ணச் சொல்வது இதற்காகவும்தான்.

சிபாரிசுக் கடிதத்துக்கு இரண்டு விரிவுரையாளர்களிடம் இந்த மாதமே பேசு. “ஒரு கடிதம் தாங்க சேர்” என்று மட்டும் நிற்காதே. உன் ஆய்வு எதைப் பற்றியது, எந்தத் திட்டத்துக்கு, முடிவுத் தேதி என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு.

அப்புறம், விலாசம். பல்கலைக்கழகங்கள் மின்னஞ்சலில் பதில் போடும். பிரதேச செயலகக் கடிதம் தபாலில்தான் வரும். அது தோட்டத்து ஆபீசில் கிடந்து, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் யாரோ வாங்கி, உன் கைக்கு வருவதற்குள் சொன்ன தேதி தாண்டிவிடும். டவுனில் சொந்தக்காரர் வீடோ கடையோ இருந்தால் அந்த விலாசத்தையும் கொடு, தொலைபேசி எண்ணையும் விண்ணப்பத்தில் தெளிவாக எழுது.