50,000 ரூபாயில் கேமிங் பிசி: அம்பாசமுத்திரத்தில் இருந்து கேட்டவருக்கு

மானிட்டர் இருக்கிறது, கையில் 50,000 ரூபாய், வாலரண்ட், ஜிடிஏ 5 ஆகிய கேம்கள் ஓட வேண்டும், என்னென்ன பார்ட்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் வாலரண்ட்தான் என்றால் கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். ரைசன் 5 5600ஜி பிராசசர் போட்டால் அதற்குள் இருக்கும் கிராபிக்ஸிலேயே ஓடும். மற்ற கேம்களும் நல்ல செட்டிங்கில் ஆட வேண்டும் என்றால்தான் தனி கார்டு. அப்போது பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கை அதற்கே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் மற்றதைப் பாருங்கள். 1080பி (ஃபுல் எச்டி) மானிட்டருக்கு 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600 போதும். அதிகபட்சம் 132 வாட்தான் இழுக்கும். விலை குறைவு என்று 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள்.

பிராசசர் ரைசன் 5 5600. கூலர் பெட்டியிலேயே வரும். பட்ஜெட் இடித்தால் ஐ3 12100எஃப். நான்கு கோர்தான், ஆனால் இந்தக் கார்டுக்குச் சளைக்காது. இரண்டிலுமே உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, அதனால் கார்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் திரையில் ஒன்றும் வராது. 2025 கடைசியில் ராம் விலை கண்டபடி ஏறிவிட்டது. டிடிஆர்4 ராமைப் பழையதாக வாங்குவதில் பெரிய ஆபத்து இல்லை, 8 ஜிபி இரண்டாக வாங்கிப் போடுங்கள்.

பிசிக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸும் வேண்டாம். நம் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும், எத்தனை வோல்ட்டில் வரும் என்று சொல்ல முடியாது. பெயர் தெரிந்த கம்பெனியின், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். யுபிஎஸ்ஸையும் இந்த 50,000-க்குள்ளேயே கணக்கு வையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் மோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கரண்ட் மாறும் அந்த நொடியிலேயே பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். கேமைச் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதா? எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேபினெட் முன்பக்கம் கண்ணாடி போட்டது வேண்டாம், வலை வைத்ததை வாங்குங்கள். சித்திரை வெயிலில் காற்றோட்டம்தான் முக்கியம். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மண் உள்ளே வரும், அதனால் கழற்றிக் கழுவும் ஃபில்டர் இருக்க வேண்டும். கலர் விளக்கு உங்கள் இஷ்டம்.

"ஐ5 கேமிங் பிசி, பாதி விலை" என்று யாராவது காட்டினால் எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். மூன்று, நான்கு என்று பதில் வந்தால் அது 2012, 2013-ல் வந்த சிப். கூடவே 2014-ல் வந்த ஜிடி 730-ஐ வைத்து 'கேமிங்' என்று பெயர் சூட்டியிருப்பார்கள். அந்தத் தலைமுறைக்கு விண்டோஸ் 11 முறையாகக் கிடையாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ல் வாலரண்ட் ஓட போர்டில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். பழைய போர்டுகளில் அதற்கு எங்கே போவது?

மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் திருநெல்வேலி ஜங்ஷன், பாளையங்கோட்டை பக்கம் நேரில் வாங்குங்கள். இருநூறு முந்நூறு கூடினாலும் பரவாயில்லை, பழுதானால் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ரைசனுக்கான பழைய பி450 போர்டு என்றால், அதன் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) 5600-க்கு அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டு ஆன்லைனில் விலை குறைந்தால் அங்கே வாங்கலாம்; பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே வாங்கினாலும் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில்லை வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.