“கூட்டணுமா, கழிக்கணுமா?” என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: “என் மகன் ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எதைக் கொடுத்தாலும் பிழையில்லாமல் செய்கிறான். வார்த்தைக் கணக்கு வந்தால் மட்டும் ‘கூட்டணுமா, கழிக்கணுமா?’ என்று கேட்கிறான். நான் சொன்னால் உடனே போட்டுவிடுகிறான். சொல்லாவிட்டால் ஏதோ ஒரு விடையை எழுதி வைக்கிறான். எப்படிப் பழக்குவது?”

அம்மா, உங்கள் மகனுக்குக் கணக்கு வரவில்லை என்று எண்ண வேண்டாம். அவன் கேட்கும் அந்தக் கேள்விக்கு நீங்கள் விடை சொல்லும்போது, கணக்கில் கடினமான பகுதியை நீங்களே செய்துவிடுகிறீர்கள். அவனுக்கு மிஞ்சுவது ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பகுதிதான். ஆகவே அந்தக் கேள்விக்கு விடை சொல்வதை நிறுத்துங்கள். “அதை அப்புறம் பார்க்கலாம்; என்ன நடந்தது என்று முதலில் எனக்குச் சொல்” என்று கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு சிறிய சோதனை தேவை. கணக்கை அவனை வாசிக்கச் சொல்லாமல், நீங்களே தமிழில் கதைபோலச் சொல்லிப் பாருங்கள். கேட்டவுடன் சரியாகச் செய்துவிட்டால், தடை கணக்கில் இல்லை, ஆங்கில வாசிப்பில் இருக்கிறது. அப்படியானால், ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில், எண்களை விட்டுவிட்டுத் திருப்பிச் சொல்லும் பழக்கமே அவனுக்குப் போதுமான மருந்து. “ஒருத்தர் பழம் வாங்கினார், கொஞ்சம் விற்றார், கொஞ்சம் அழுகிப்போயிற்று, எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார்கள்” என்ற அளவில் சொன்னால் போதும். வீட்டில் தமிழில் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. புரிந்துகொண்ட பிள்ளை எந்த மொழியிலும் எழுதிவிடும்.

தமிழில் சொல்லியும் தடுமாறினால், பெரும்பாலும் காரணம் நாம் நல்லெண்ணத்துடன் கற்றுக்கொடுக்கும் ஒரு குறுக்குவழிதான். ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி, ‘அதிகம்’ என்றால் கூட்டு என்று சொல்லித்தருகிறோம். முதல் இரண்டு வகுப்புகளில் இது பலிக்கும். அதன்பின் பிள்ளை கணக்கை வாசிப்பதையே விட்டுவிட்டு, அந்தச் சொற்களையும் எண்களையும் மட்டும் தேடத் தொடங்கிவிடும். 1980-ஐ ஒட்டிய காலத்தில் பிரான்சின் கிரனோபிள் நகரில், “ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன, கப்பல் தலைவனின் வயது என்ன?” என்ற பொருளற்ற கேள்வியைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு கணக்குப் போட்டு வயதைச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்லர். எண் கொடுத்தால் விடை எழுத வேண்டும் என்று பழக்கப்பட்டவர்கள்.

குறுக்குவழி எப்படிக் கவிழ்க்கும் என்பதை இந்தக் கணக்கில் பாருங்கள். கமலாவிடம் 36 நெல்லிக்காய்கள் உள்ளன. இது செல்வத்திடம் உள்ளதைவிட 12 அதிகம். இருவரிடமும் சேர்த்து எத்தனை? ‘அதிகம்’, ‘சேர்த்து’ ஆகிய இரண்டையும் கண்ட பிள்ளை 36-ஐயும் 12-ஐயும் கூட்டி 48 என்று எழுதிவிடும். செல்வத்திடம் இருப்பவை 24. இருவரிடமும் சேர்த்து 60. இங்கே பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “யாரிடம் அதிகம் இருக்கிறது?” அதற்குச் சரியாக விடை சொன்ன பிள்ளை அடுத்த படியில் தவறுவது அரிது.

இதைக் கண்ணால் பார்க்க வைப்பதற்குப் பட்டைப் படம் மிகவும் உதவும். சிங்கப்பூர் 1980-களில் தன் தொடக்கப் பள்ளிப் பாடத்தில் புகுத்திய முறை இது. கமலாவுக்கு ஒரு நீளமான பட்டை, அதற்குக் கீழே செல்வத்துக்கு ஒரு குட்டைப் பட்டை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் 12 என்று எழுதினால், குட்டைப் பட்டைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தானே தெரியும். அளவுகோல் வைத்து வரைய வேண்டியதில்லை. நெல்லிக்காயை வரைந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது.

பின்னக் கணக்குகளில் இந்தப் பட்டையின் அருமை இன்னும் நன்றாகப் புலப்படும். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிவந்த வியாபாரி, காலையில் ஐந்தில் இரண்டு பங்கை விற்றார். மாலையில் 15 பழங்களை விற்றார். 12 பழங்கள் மீந்தன. அவர் கொண்டுவந்தவை எத்தனை? ‘மீந்தன’ என்பதைப் பார்த்துக் கழிக்கப் போனால் எதிலிருந்து கழிப்பது என்றே தெரியாது. ஒரு பட்டையை ஐந்து கட்டங்களாகப் பிரித்து, காலையில் போன இரண்டு கட்டங்களை அடித்துவிட்டால், எஞ்சிய மூன்று கட்டங்கள்தான் மாலையில் விற்ற 15-ம் மீந்த 12-ம் என்பது தெரிகிறது. மூன்று கட்டங்கள் 27 என்றால் ஒரு கட்டம் 9. ஐந்து கட்டங்கள் 45. விடையைக் கதைக்குள் திரும்ப வைத்துப் பார்க்கவும் சொல்லுங்கள்: 45-இல் ஐந்தில் இரண்டு பங்கு 18. இந்த 18-ஐயும் 15-ஐயும் 12-ஐயும் கூட்டினால் 45. வகுப்பில் நேரமின்மையால் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தச் சரிபார்ப்புதான்.

விடை வந்த பிறகும் யோசிக்க வேண்டிய கணக்குகள் உண்டு. 44 மாணவர்கள் பிச்சாவரத்தில் படகு ஏறுகிறார்கள், ஒரு படகில் 8 பேர்தான் ஏறலாம் என்று வைத்துக்கொண்டால், எத்தனை படகுகள் வேண்டும்? 44 முறுக்குகளைப் பொட்டலத்துக்கு எட்டாகக் கட்டினால் எத்தனை முழுப் பொட்டலங்கள் கிடைக்கும்? 44 ரூபாயை 8 பேர் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு எவ்வளவு? மூன்றிலும் வகுத்தல் ஒன்றே. விடைகளோ முறையே 6 படகுகள், 5 பொட்டலங்கள், 5 ரூபாய் 50 காசு. இந்த மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கொடுத்து, விடை ஏன் மாறுகிறது என்று அவனையே விளக்கச் சொல்லுங்கள்.

பயிற்சியின் அளவைப் பொறுத்தவரை, நாளுக்கு இரண்டு கணக்குகளே போதும். ஒரு பக்கம் முழுவதும் கழித்தல் கணக்குகளாகவே இருக்கும் பயிற்சித்தாள்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். இரண்டாவது கணக்கிலேயே பிள்ளை வாசிப்பதை நிறுத்திவிடும். பழைய பாடங்களிலிருந்து கலந்து எடுங்கள். சில நாட்களில் அவனையே ஒரு கணக்கை உருவாக்கி உங்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றே தேவையில்லாத ஓர் எண்ணை அதில் ஒளித்துவைக்கச் சொன்னால் உற்சாகமாகச் செய்வான்.

பள்ளியில் பட்டை வரைவதை ஏற்பார்களா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். தேர்வுத்தாளில் படிகளை ஆசிரியர் கற்பித்தபடியே எழுதட்டும். பட்டையைச் செய்முறைக்கென ஒதுக்கிய ஓரத்தில் சிறியதாக வரைந்துகொள்ளட்டும்.