சுற்றுலா விசாவில் போய் ஹுர்கதாவில் வேலைக்குச் சேரலாமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவன். கேட்டரிங் டிப்ளமோ முடித்து, மதுரையில் ஒரு ஹோட்டலின் சமையல் பிரிவில் வேலை செய்கிறேன். எகிப்தில் ஹுர்கதா என்ற கடற்கரை நகரத்து ரிசார்ட்டில் உதவிச் சமையல்காரர் வேலை, மாதம் 600 டாலர், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்கிறார் ஓர் ஏஜென்ட். சுற்றுலா விசாவில் போனால் அங்கேயே வேலை விசாவாக மாற்றித் தருவார்களாம். ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் கேட்கிறார். பிரான்ஸ் குடியுரிமை பெற்ற என் சித்தப்பா மகனோ, எகிப்து கடற்கரைக்கு விசாவே தேவையில்லை, முத்திரை குத்தி உள்ளே விட்டுவிடுவார்கள் என்கிறான். நம்பிப் போகலாமா?

பதில்: இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றே கையெழுத்திட்ட ரசீது கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். சுற்றுலா விசாவில் நுழைந்தபின் வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது எகிப்தில் நடப்பதுதான். ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம். நீங்களோ ஏஜென்டோ அல்ல. அந்த வேலைக்கு ஓர் எகிப்தியர் ஏன் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் அமைச்சகத்துக்கு நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டும். பொது விதிப்படி அதன் பணியாளர்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டவர் இருக்கக் கூடாது.

இப்போது உங்கள் வேலையைப் பாருங்கள். ஹுர்கதா இருக்கும் செங்கடல் கரை ஹோட்டல்களின் சமையலறைகளில் வேலை செய்வதற்கு எகிப்தின் கெனா, சோஹாக் மாகாணங்களிலிருந்து இளைஞர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். உதவிச் சமையல்காரர் வேலைக்கு அவர்களை விட்டுவிட்டு மதுரையிலிருந்து ஆள் கொண்டுவர எந்த அதிகாரி ஒப்புவார்? இந்திய உணவகம் ஒன்றின் தலைமைச் சமையல்காரர் என்றால் பேச்சு வேறு. உதவியாளர் வேலைக்கு அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்பவருக்கு அதை வாங்கும் எண்ணமே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அப்படியே விண்ணப்பித்தாலும் உள்நாட்டுப் பாதுகாப்பு அதிகாரிகளின் சரிபார்ப்பு முடிய மாதக்கணக்கில் ஆகலாம். சுற்றுலா விசாவோ பொதுவாக 30 நாள். கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். மறுநாளும் அதே பதில்தான். விசா முடிந்த நாளிலிருந்து முதலாளி உங்களோடு பேசும் தொனியே மாறிவிடும். சம்பளம் குறையும். கேட்டால், போலீசிடம் போ என்பார். போக முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

இனி நான் சொல்வதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். எகிப்தில் வேலைக்குச் சேரும் நாளில் சில முதலாளிகள் ஒரு சீட்டில் கையெழுத்து கேட்பார்கள். அரபியில் அச்சிட்டிருக்கும், தொகை எழுதும் இடம் காலியாக இருக்கும். ‘ஈஸால் அமானா’ என்பார்கள். இன்னாரிடம் ஒப்படைப்பதற்காக இவ்வளவு தொகையை நம்பிக்கையின் பேரில் பெற்றுக்கொண்டேன் என்பது அதன் பொருள். பிற்பாடு உங்களோடு சண்டை வந்தால் காலி இடத்தில் விருப்பப்பட்ட தொகையை நிரப்பிக்கொள்வார்கள். இது சாதாரணக் கடன் வழக்கு அல்ல. எகிப்தியத் தண்டனைச் சட்டத்தின் 341-ஆவது பிரிவின்படி நம்பிக்கை மோசடி, சிறைக்கு அனுப்பக்கூடியது. எகிப்தியத் தொழிலாளர்களே இதில் சிக்கி அழிந்திருக்கிறார்கள். அரபி படிக்கத் தெரியாத உங்கள் கதி என்ன? தேதியில்லாத ராஜினாமாக் கடிதமும் இதே ரகம். 2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டம், தொழிலாளர் அலுவலகம் சான்றளிக்காத ராஜினாமா செல்லாது என்று அந்த வழியை அடைத்திருக்கிறது. வெற்றுச் சீட்டுக்கு அப்படி ஓர் அடைப்பு இல்லை. வேலையே போனாலும் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் பக்கத்துக் கதையும் அழகாக இல்லை. வேலைக்குப் போகிறவர் இந்திய அரசிடம் வாங்க வேண்டிய குடிபெயர்வு அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) கட்டாயமாக உள்ள 18 நாடுகளின் பட்டியலில் எகிப்து கிடையாது. சவுதிக்கும் குவைத்துக்கும் போகும் தொழிலாளிக்கு இருக்கும் அந்தக் குறைந்தபட்சச் சோதனைகூட எகிப்துக்குப் போகிறவருக்கு இல்லை. சுற்றுலா விசாவில் போகிறவரை வேலைக்குப் போகிறவராக அரசின் எந்தக் கணக்கும் காட்டாது. ஏஜென்ட்கள் இந்த ஊர்களை விரும்புவதற்குக் காரணமே இதுதான். இருந்தாலும், எந்த வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பதானாலும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. ஒன்றே முக்கால் லட்சம் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்த உடனேயே எழுந்து வந்திருக்கலாம். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடுங்கள். பதிவு இல்லையென்றால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பதிவில்லாத ஏஜென்ட்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. அவர்களுடைய விளம்பரப் பலகைகளை அகற்ற மட்டும் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

உங்கள் சித்தப்பா மகன் சொன்னது அவருக்குச் சரி. பிரான்ஸ் போன்ற சில நாடுகளின் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு சினாய் தீபகற்பத்தின் தென்பகுதியில் மட்டும் 15 நாள் இலவச முத்திரை தருகிறார்கள். ஷர்ம் எல்-ஷேக், தஹாப், நுவைபா, தாபா ஆகிய ஊர்களோடு அது முடிந்துவிடும். கெய்ரோவுக்கு அதை வைத்துப் போக முடியாது. ஹுர்கதா சினாயிலேயே இல்லை. சூயஸ் வளைகுடாவின் எதிர்க்கரையில் செங்கடல் மாகாணத்தில் இருக்கிறது. 1941-இல் மூழ்கிய திஸில்கார்ம் கப்பலைப் பார்க்க ஷர்ம் எல்-ஷேக்கிலிருந்து படகில் போகும் முக்குளிப்பாளர்களிடம்கூட முழு விசா கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது சுற்றுலாப் பயணிக்கான முத்திரை. அதில் வேலை செய்ய பிரெஞ்சுக்காரருக்கும் உரிமை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

உண்மையான ஹோட்டலிலிருந்து உண்மையான அழைப்பு வந்தால், பதவியின் பெயரும் சம்பளமும் எழுதிய ஒப்பந்தத்தைப் புறப்படும் முன்பே கேளுங்கள். அரபி வாசகம்தான் செல்லும் என்பதால் அதை அரபி தெரிந்த, நம்பகமான ஒருவரிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (பல நாடுகள் ஏற்கும் பொதுவான சான்று முத்திரை) மட்டும் போதாது. வெளியுறவு அமைச்சகத்துக்குப் பிறகு எகிப்தியத் தூதரகத்தின் சான்றும் வேண்டும். அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு. சம்பளம் டாலரில் கணக்கிடப்படும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 2024 மார்ச் 6 அன்று ஒரே நாளில் டாலரின் விலை சுமார் 31 எகிப்திய பவுண்டிலிருந்து 50-ஐ நெருங்கியது. பவுண்டில் சம்பளம் பேசி வந்தவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் அன்றே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோனது.