மக்காச்சோளம் யாருக்கு? எத்தனால் பற்றிக் கேள்வி பதில்

சார், என் பைக் 2016 மாடல். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து மைலேஜ் குறைந்த மாதிரி இருக்கிறது. என் பிரமையா?

பிரமை இல்லை. எத்தனால் என்பது கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால். ஒரு லிட்டர் எத்தனாலில், பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் இருக்கிறது. பழைய இருசக்கர வண்டிகளில் 3-4 சதவீதமும் கார்களில் 6-7 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

அப்போ நன்மையே இல்லையா?

உண்டு. ஆக்டேன், அதாவது எஞ்சினில் எரிபொருள் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன், அதிகம்; கச்சா எண்ணெய் இறக்குமதியும் குறையும்.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். தீவன விலை ஏறியதற்கு எத்தனால்தான் காரணமா அண்ணா?

முக்கியமான காரணம் அதுதான். 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றில் எத்தனால் எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆலைகள் மக்காச்சோளத்துக்குத் திரும்பின. அதுவரை ஏற்றுமதி செய்துவந்த நாடு, 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்க ஆரம்பித்தது. ஒரு டன் மக்காச்சோளம் போட்டால் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். மிஞ்சும் சக்கையைத் தீவனமாகத் தருகிறோமே என்பார்கள். அதில் புரதம் இருக்கிறது, சரி. ஆனால் மாவுச்சத்து போய்விட்டதே! கோழிக்கு வேண்டிய எரிசக்தி அந்த மாவுச்சத்தில்தான் இருந்தது. மக்காச்சோளத்தில் பூஞ்சை இருந்தால் அஃப்ளடாக்சின் நச்சும் சக்கையில் சுமார் மூன்று மடங்காகச் செறிந்துவிடும். பரிசோதிக்காத சரக்கை வாங்கவே வாங்காதீர்கள்.

கரியமில வாயுவாவது குறைகிறதா?

அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலுக்குப் போகிறது. எத்தனால் கலப்பைக் கூட்டச் சொன்ன 2007 சட்டம் இதை வேகப்படுத்தியது. குறைகிறது என்கிறது அந்நாட்டு வேளாண் துறை. குறையவில்லை, பெட்ரோலைவிட 24 சதவீதம் கூடுதலாகவே இருக்கலாம் என்றது 2022இல் வந்த ஓர் ஆய்வு. புதிதாக உழுத நிலத்திலிருந்தும் கூடுதலாகப் போட்ட உரத்திலிருந்தும் வரும் வாயுவை எவ்வளவு கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் சண்டை. முழுசாகச் சேர்க்க வேண்டும் என்பதே என் கட்சி. புகைபோக்கியை மட்டும் பார்த்துப் பசுமை எரிபொருள் என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

பெரம்பலூரில் மக்காச்சோளம் போடுகிறோம். இப்போதுதான் நல்ல விலை வருகிறது. அதையும் கெடுக்கச் சொல்கிறீர்களா?

ஒருபோதும் இல்லை ஐயா. உங்களுக்கு வரும் விலை நிலைக்க வேண்டும். அமெரிக்காவில் ஹெக்டேருக்கு 11 டன் விளைகிறது, இந்தியச் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்குதான். அரசு முதலில் விதைக்கும் பாசனத்துக்கும் படைப்புழுக் கட்டுப்பாட்டுக்கும் பணம் போடட்டும். விளைச்சல் கூடின அளவுக்குப் புது எத்தனால் ஆலைகளுக்கு அனுமதி கொடுக்கட்டும்.